நாற்பது வளைவுகளும் ஒரு நாக் சென்சாரும்

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில் ஆழியாறு அணை வரைக்கும் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். இரண்டு பக்கமும் தென்னந்தோப்பு, மேடு பள்ளம் இல்லாத தார் ரோடு. டாப் கியரில் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசிக்கொண்டே போகலாம். அணையைத் தாண்டி, வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று துழாவிப் பார்த்துவிட்டு அனுப்பிய பிறகுதான் வண்டியின் யோக்கியதை தெரியும். அங்கிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை. சமவெளியில் வெளியே தெரியாத நோவையெல்லாம் இன்ஜின் அந்த நாற்பதுக்குள் சொல்லிவிடும்.

எங்கள் வண்டி அவ்வளவு தூரம்கூடப் பொறுக்கவில்லை. கோவை - பொள்ளாச்சி நான்கு வழிச் சாலையில் கிணத்துக்கடவு மேம்பாலம் இறங்கியதும், தேங்காய் மட்டை ஏற்றிய லாரி ஒன்றை முந்துவதற்காக மூன்றாவது கியருக்கு இறக்கி மிதித்தேன். இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு டேஷ்போர்டில் எரிந்தது. உதறல் இல்லை, புகை இல்லை, சத்தத்திலும் வித்தியாசம் இல்லை. லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பெட்ரோல் கார் அது. சாவி போட்டதும் எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடுவதுதான் அந்த விளக்கின் வழக்கம்.

பக்கத்தில் இருந்த மைத்துனன், இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஒரு சின்ன ஸ்கேனரைப் பையில் வைத்திருப்பவன். ஓரமாக நிறுத்தச் சொல்லி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஓபிடி சாக்கெட்டில் அதைச் சொருகி, ப்ளூடூத்தில் கைபேசியோடு சேர்த்தான்.

“மாமா, பி 0327-னு காட்டுது. நாக் சென்சார் சிக்னல் ரொம்பக் கம்மியாம்.”

“போற வழியில யாருகிட்டயாவது காட்டிட்டே போயிரலாங்க,” என்றாள் பின் சீட்டிலிருந்து அவன் அக்கா.

பொள்ளாச்சியில் தெரிந்தவர் ஒருவர் சொன்ன ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். ஐம்பதைத் தாண்டிய மெக்கானிக். பானெட்டைத் திறந்து, இன்ஜினை இரண்டு மூன்று முறை ரேஸ் பண்ணிக் கேட்டார். கூலன்ட் மட்டம் பார்த்தார், ஆயில் ஸ்டிக்கை உருவித் துடைத்துப் பார்த்தார்.

“வண்டி எங்கயும் நிக்காதுங்க சார், தாராளமாப் போயிட்டு வாங்க. ஆனா மலையில இழுவை இருக்காதுங்க. பயந்து பயந்துதான் ஏறும். நீங்களும் மேல் கியர்ல வெச்சு மிதிக்காதீங்க, ரெண்டாவதுல விட்டு ஏத்துங்க. இறங்கி வர்றப்ப வண்டியை விட்டுட்டுப் போங்க, சாவகாசமாப் பாத்துத் தர்றேன்.”

பயம் என்று அவர் சொன்னது இன்ஜினுக்குள் நடக்கும் ஒரு காரியத்தைப் பற்றி. குரங்கு அருவியைக் கடந்து முதல் சில வளைவுகள் ஏறியதுமே அது காலுக்குத் தெரிந்தது. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி அதே கதியில்தான் போனது. திணறவில்லை, இரைச்சல் மட்டும் கூடியது. வளைவில் வேகம் குறைந்து, திரும்பி, மறுபடி எடுக்க வேண்டிய இடத்தில் வழக்கமாக வரும் அந்த உந்தல் வரவே இல்லை.

பெட்ரோல் இன்ஜினில் பிளக் பொறி விட்டதும் சிலிண்டருக்குள் இருக்கும் மொத்தக் கலவையும் ஒரேயடியாக வெடித்துவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. பிளக் நுனியில் பற்றிய தீ, கலவையை எரித்துக்கொண்டே சிலிண்டர் சுவரை நோக்கி நகர்கிறது. பட்டாசுச் சரத்தை ஒரு முனையில் கொளுத்தினால் வரிசையாக வெடித்துக்கொண்டே மறுமுனைக்குப் போவதுதான் முறை. தீ வந்து சேரும் முன்பே மறுமுனைக் கட்டு தானாக வெடித்தால் எப்படியோ, அதுதான் நாக்கிங். முதலில் எரிந்த பகுதி விரிந்து, எரியாத மிச்சத்தை ஓரத்துக்குத் தள்ளி நெருக்குகிறது. நெருக்க நெருக்க அதன் சூடு ஏறுகிறது. ஒரு கட்டத்தில் அந்த மிச்சம் தீ தொடாமலேயே பற்றிக்கொள்கிறது. அப்போது கிளம்பும் அழுத்த அலை சிலிண்டரின் ஒரு சுவருக்கும் மறுசுவருக்கும் இடையில் மோதி மோதித் திரும்பும். வெளியே நமக்குக் கேட்பது ‘கிண் கிண்’ என்ற உலோகச் சத்தம். இன்ஜின் தட்டுகிறது என்று டிரைவர்கள் சொல்வது இதைத்தான்.

சத்தம் சின்னதுதான், சேதம் பெரிது. பிஸ்டனின் தலைமேல் ஒட்டியிருக்கும் மெல்லிய, சூடு குறைந்த வாயுப் படலம்தான் எரியும் தீயிலிருந்து அலுமினியத்தைக் காக்கிறது. தட்டலின் அலை அந்தப் படலத்தைக் கலைத்துவிடுகிறது. சூடு நேராக உலோகத்தில் இறங்கும். பிஸ்டன் ஓரம் அரித்துப்போகும், ரிங் உட்காரும் வரம்பு உடையும், பிளக்கின் பீங்கான் விரிசல் விடும், ஹெட் கேஸ்கெட் போகும்.

மலைப்பாதை தட்டலுக்குத் தோதான இடம். மேல் கியர், குறைந்த சுற்று, முழு மிதி: இந்த மூன்றும் சேர்ந்தால் சிலிண்டருக்குள் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். சுற்று குறைவு என்பதால், அந்த ஓரத்து மிச்சத்துக்குத் தானாகப் பற்றிக்கொள்ள நேரமும் நிறையக் கிடைக்கும். மெக்கானிக் இரண்டாவது கியரில் ஏற்றச் சொன்னதன் காரணம் இதுதான். சுற்றைக் கூட்டிவிட்டால், மிச்சம் பற்றுவதற்குள் தீ வந்து சேர்ந்துவிடும்.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ பாயின்ட். வண்டியை ஓரங்கட்டினோம். கீழே ஆழியாறு நீர்த்தேக்கம் முழுசாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் பொள்ளாச்சியின் தென்னைக் கூட்டம் வெயிலில் மங்கிக் கிடந்தது. சாலைக்கு மேலே பாறைச் சரிவில் இரண்டு வரையாடுகள். ஒன்று பாறை இடுக்கில் இருந்த புல்லைக் கடித்துக்கொண்டே எங்களை ஓரக்கண்ணால் பார்த்தது. ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் மனிதருக்குப் பழகிப்போன வரையாடுகளைப் பார்க்க இந்த வளைவைவிட வசதியான இடம் குறைவு.

இதே இடத்தில் அந்தக் காலத்து அம்பாசடர்கள் பானெட்டைத் திறந்துவைத்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றிருக்கும். அப்போது தட்டலைக் கேட்க சென்சார் கிடையாது. டிரைவரேதான் கேட்க வேண்டும். டெல்கோ என்று மெக்கானிக்குகள் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரைத் தளர்த்தி, கையால் ஒரு மயிரிழை திருப்பி டைமிங் வைப்பார்கள். மேட்டில் டாப் கியரில் மிதித்துப் பார்ப்பது, லேசாகத் தட்டினால் கொஞ்சம் பின்னால் திருப்புவது, தட்டல் நிற்கும் இடத்தில் டெல்கோவை இறுக்கிவிடுவது. ரோட்டோரத்தில் நடந்த இந்த வேலைக்குள்தான் விஷயம் முழுக்க இருக்கிறது.

பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பிளக் பொறி விட வேண்டும். தீ பரவக் கொஞ்சம் நேரமாகும் அல்லவா? 3,000 சுற்றில் ஓடும் இன்ஜினில் கிராங்க் ஒரு டிகிரி திரும்ப ஆகும் நேரம் ஒரு நொடியில் 18,000-ல் ஒரு பங்கு. பிஸ்டன் உச்சியைத் தாண்டிச் சுமார் 15 டிகிரி இறங்கியிருக்கும்போது அழுத்தம் உச்சத்துக்கு வந்தால், அடி சரியான நேரத்தில் விழும். பெட்ரோலுக்கு முழு பலன் கிடைக்கும். பொறியை ரொம்ப முன்னால் விட்டால் தட்டும். பின்னால் தள்ளினால் தட்டாது. ஆனால் பாதி சூடு சைலன்சர் வழியாக வீணாகப் போகும், இழுவை குறையும், மைலேஜ் இறங்கும். நல்ல டைமிங் என்பது பெரும்பாலும் தட்டுவதற்கு ஓர் இழை இப்பால் நிற்பதுதான்.

அந்த இழை எங்கே இருக்கிறது என்பது மட்டும் நிலையாக இருப்பதில்லை. பெட்ரோலைப் பொறுத்து மாறும், வெயிலைப் பொறுத்து மாறும், ஏற்றத்தைப் பொறுத்து மாறும், பிஸ்டன் தலையில் படிந்த கரியைப் பொறுத்தும் மாறும். ஒருமுறை திருப்பி இறுக்கிய டெல்கோவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆகவே பழைய இன்ஜின்களில் கம்ப்ரஷனையே 7, 8 என்று தாழ்வாக வைத்துத் தப்பித்தார்கள். இன்றைய சாதாரணப் பெட்ரோல் கார்களில் அது 10, 11-க்கு மேல். தட்டலின் விளிம்பில் ஓடப் பிறந்த இன்ஜின்கள் இவை.

இடையில் பெட்ரோலில் மருந்து கலந்து சமாளித்த காலம் ஒன்று உண்டு. டெட்ரா எத்தில் லெட் என்ற ஈயச் சேர்மத்தைத் துளி சேர்த்தால் தட்டல் அடங்கும் என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வுக்கூடத்தில் தாமஸ் மிட்ஜ்லி 1921-ல் கண்டுபிடித்தார். அதன் நஞ்சு புகையோடு போய்க் குழந்தைகளின் ரத்தத்தில் இறங்கியது. இந்தியா முழுவதும் ஈயப் பெட்ரோல் விற்பனை 2000 பிப்ரவரி 1-ஆம் தேதி நின்றது. உலகில் கடைசியாக அல்ஜீரியா 2021-ல் நிறுத்தியது. மருந்தை நம்புவதற்குப் பதில் இன்ஜினையே கேட்கவைக்கும் வழியை அதற்கு வெகு முன்பே சிலர் எடுத்திருந்தார்கள். அமெரிக்காவில் பியூக் 1978-ல் தன் டர்போ வி6 கார்களில் தட்டலை உணரும் சென்சாரைப் பொருத்தியது. ஸ்வீடனின் சாப் நிறுவனத்தில் பெர் கில்பிராண்ட் உருவாக்கிய ஏபிசி அமைப்பு 1980-களின் தொடக்கத்தில் வந்தது; தட்டல் கேட்டால் அது டர்போவின் அழுத்தத்தையே குறைத்துவிடும். டர்போ இன்ஜினுக்குத்தான் தட்டல் பயம் அதிகம் என்பதால் சென்சார் முதலில் அங்கே வந்தது. பிறகு எல்லாப் பெட்ரோல் கார்களுக்கும் பரவியது.

இப்போது எங்கள் வண்டியின் பயம் புரிந்திருக்கும். சென்சாரிலிருந்து சிக்னல் வரவில்லை என்று ஈசிஎம், அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், முடிவு கட்டிவிட்டது. தட்டுகிறதா இல்லையா என்று கேட்க வழியில்லாதபோது, தட்டுகிறது என்றே வைத்துக்கொண்டு பொறியைப் பின்னால் தள்ளி ஓட்டுவது அதற்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இன்ஜினுக்குச் சேதம் வராது. மேடு ஏறும்போதுதான் அதன் விலை தெரியும்.

மேலே போகப் போக ஒரு விசித்திரத்தைக் கவனித்தோம். அட்டகட்டியைத் தாண்டிக் குளிர்ந்த காற்று ஜன்னலில் அடிக்கத் தொடங்கியதும் வண்டி ஓரளவு சமாதானமானது. வால்பாறை கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றும் அந்த அளவுக்குக் குறைவு, அதோடு சூடும் குறைவு. இரண்டுமே தட்டலுக்கு எதிரிகள். இன்ஜினின் மொத்த பலம் உயரத்தில் குறையும் என்பது உண்மை. ஆனால் தட்டும் ஆபத்தும் கூடவே குறையும். உச்சியில் எல்லா வண்டியும் கொஞ்சம் மந்தம்தான் என்பதால் எங்களுடையது தனியாகத் தெரியவில்லை. கோடை வெயிலில் சூடேறிய சமவெளிக் காற்றை இழுத்துக்கொண்டு ஏறும் அடிவாரத்து வளைவுகள்தான் ஒரு பெட்ரோல் வண்டிக்கு நிஜமான பரீட்சை.

கவர்க்கல் பக்கம் மூடுபனிக்குள்ளிருந்து ஓர் அரசுப் பேருந்து கடகடவென்று இறங்கி வந்தது. டீசல் இன்ஜினில் பொறி விடும் பிளக்கே இல்லை. காற்றை நெருக்கிச் சூடேற்றி, அதில் டீசலைப் பீய்ச்சித் தானாகப் பற்றவைப்பதுதான் அதன் பிழைப்பு. பெட்ரோல் இன்ஜினுக்கு எது நோயோ அது டீசலுக்கு இயல்பு. அதைத் தாங்குகிற மாதிரிதான் அதன் உடம்பையே கனமாக வார்த்திருக்கிறார்கள்.

ரொட்டிக்கடை, புதுத்தோட்டம் என்று தேயிலைக்கு நடுவே வளைந்து போய் வால்பாறை சேர்ந்தோம். புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று சாலையைக் கடந்தது. அவற்றுக்காக வண்டிகளை நிறுத்திவைக்கும் காவலர் எங்களையும் கைகாட்டி நிறுத்தினார். கூட்டம் முழுவதும் மரமேறும் வரை யாரும் ஹாரன் அடிக்கவில்லை. சோலையாறு அணையும் நல்லமுடி காட்சிமுனையும் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கினோம். இறக்கத்தில் எந்த இன்ஜினுக்கும் குறை தெரியாது.

பொள்ளாச்சி ஒர்க்‌ஷாப்பில் மறுபடி வண்டியை விட்டோம். மெக்கானிக் நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு, இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் கையை விட்டு, நீள எக்ஸ்டென்ஷன் மாட்டிய சாக்கெட்டால் ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றினார். கைக்கு வந்தது கறுப்புப் பிளாஸ்டிக் போர்த்திய ஒரு வளையம். நடுவில் போல்ட் போகும் ஓட்டை, ஒரு பக்கம் கனெக்டர் வாய். உள்ளங்கையில் பாதியைக்கூட அது அடைக்கவில்லை.

“இதுக்குள்ள இருக்கறது ஒரு பீங்கான் வளையம், அதுக்கு மேல ஒரு இரும்பு எடை. அவ்வளவுதானுங்க. இன்ஜின் பிளாக் அதிர்ந்தா எடை பீங்கானை அமுக்கும். அமுக்கினா கரன்ட் வரும். வூட்டுல கேஸ் லைட்டர் இருக்குதுல்லங்க, அதுலயும் இதே சமாச்சாரம்தான்.”

அழுத்தினால் மின்னூட்டம் தரும் படிகங்களை பியேர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் 1880-லேயே கண்டுபிடித்தார்கள். லைட்டர் ஓர் அடியில் பொறி விடுகிறது; சென்சார் ஒவ்வொரு அதிர்வுக்கும் சில மில்லிவோல்ட் அனுப்புகிறது. ஆனால் இன்ஜினில் அதிராத பாகம் எது? வால்வு மூடும் சத்தம், இன்ஜெக்டர் சத்தம், செயின் சத்தம் எல்லாமே பிளாக் வழியாக வந்துகொண்டேதான் இருக்கும். அதற்குள் தட்டலை மட்டும் பிரித்தெடுக்க ஈசிஎம் இரண்டு தந்திரங்கள் வைத்திருக்கிறது. முதலாவது, சுதி. 80 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிண்டருக்குள் மோதித் திரும்பும் அலை நொடிக்கு ஏறத்தாழ 7,000 தடவை அதிரும். சிலிண்டர் பெரிதானால் சுதி இறங்கும். இரண்டாவது, நேரம். பிஸ்டன் உச்சியைத் தாண்டிய பிறகு வரும் ஒரு குறிப்பிட்ட இடைவெளியில்தான் தட்டல் வர முடியும். அந்த இடைவெளியில் மட்டும் ஒட்டுக் கேட்டுவிட்டு மற்ற நேரத்தில் ஈசிஎம் பேசாமல் இருக்கும். எந்த சிலிண்டரின் முறை என்பதை கிராங்க், கேம் சென்சார்கள் சொல்லிவிடுவதால், நான்கு சிலிண்டருக்கு நடுவில் பொருத்திய ஒரே சென்சார் போதும். வி6, வி8 என்றால் பக்கத்துக்கு ஒன்று வேண்டியிருக்கும்.

பழைய கார்களில் ஒரே ஒரு சுதிக்கு மட்டும் ஒலிக்கும்படி செய்த, மரை திருகி மாட்டும் சென்சார்கள் இருந்தன. இப்போது வருவது பெரும்பாலும் எல்லா அதிர்வையும் அப்படியே அனுப்பும் வளைய வகை. பிரித்தெடுக்கும் வேலை ஈசிஎம்முக்கு.

“மேம்பாலத்துக்குக் கிட்ட லாரியை முந்தறப்பதான் லைட் எரிஞ்சதுன்னீங்கல்ல? சுத்து ஏறுனா சத்தம் ஏறணும். ஏறலீன்னா, சென்சார் பக்கம் ஏதோ கோளாறுன்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணிக்கும். மெதுவா ஓட்டியிருந்தா இன்னும் நாலு நாள் அதுக்குத் தெரிஞ்சிருக்காதுங்க,” என்று சிரித்தார்.

சென்சாரை மர பெஞ்சின்மேல் வைத்து, மல்டிமீட்டரின் இரண்டு முனைகளையும் பின்களில் தொட்டு, ஏசி மில்லிவோல்ட்டுக்குத் திருப்பினார். ஸ்பேனர் முனையால் பெஞ்சை லேசாகத் தட்டினார். மீட்டரில் எண் துள்ளியது. மறுபடி தட்டினார், மறுபடி துள்ளியது.

“சென்சாருக்கு உசிரு இருக்குதுங்க.”

கோளாறு வயர் பக்கம் இருந்தது. கனெக்டரின் ரப்பர் வளையத்தை எலி கடித்திருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒரு பின்னில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. மில்லிவோல்ட் கணக்கில் வரும் சிக்னல் அந்தக் களிம்பைத் தாண்டிப் போகவில்லை. பின்னைச் சுரண்டிவிட்டு மாட்டினால் சில வாரம் ஓடும், அப்புறம் மறுபடி வரும் என்று சொல்லி, கனெக்டரையே வெட்டிவிட்டுப் புதிது வைத்தார். அந்த வயருக்கு வெளியே வலை மாதிரி சுற்றியிருந்த ஷீல்டையும் விடாமல் முறுக்கி இணைத்து ஈயம் வைத்தார். இந்த ஷீல்டை விட்டுவிட்டு உள் வயரை மட்டும் சேர்த்து டேப் சுற்றிவிடுகிறவர்கள் உண்டு. பக்கத்தில் ஓடும் இக்னிஷன் வயரின் இரைச்சல் அதில் ஏறி, இல்லாத தட்டலை இருப்பதாகக் காட்டும். வண்டி மறுபடி பயந்து ஓடும்.

வேலை நடக்கும்போதே பெஞ்சுக்கு அடியிலிருந்து ஒரு டால்டா டப்பாவை எடுத்து என் முன்னால் கவிழ்த்தார். எல்லாம் செத்துப்போன நாக் சென்சார்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் செத்தது. ஒன்றில் பிளாஸ்டிக்கில் முடியளவு விரிசல்: யாரோ முழு பலத்தோடு போல்ட்டை முறுக்கியது. இன்னொன்றின் அடிப்பரப்பில் வாஷரின் வட்டத் தடம்: சென்சாருக்கும் பிளாக்குக்கும் நடுவில் எதுவுமே இருக்கக் கூடாது என்பது தெரியாமல் போட்டது. ஒன்று கை தவறி சிமென்ட் தரையில் விழுந்தது. பார்க்கப் புத்தம் புதிது. உள்ளே பீங்கான் போய்விட்டது. ஒன்றின் வாயில் துரு.

மாட்டும்போது பிளாக்கில் சென்சார் உட்காரும் வட்டத்தை எமெரி தாளால் லேசாகத் தேய்த்து, துணியால் துடைத்தார். டார்க் ரெஞ்சை எடுத்து 20-க்கு வைத்தார். வளைய வகைச் சென்சார்கள் பெரும்பாலானவற்றுக்கு 20 நியூட்டன் மீட்டர்தான் கணக்கு. தளர்வாக இருந்தால் அதிர்வு சரியாக ஏறாது. அதிகமாக முறுக்கினால் பீங்கான் ஏற்கெனவே நசுங்கி உட்கார்ந்திருக்கும், கேட்கும் திறன் கெட்டுவிடும். சிலர் நாக் சென்சார் கோளாறு என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பது வெறும் தளர்ந்த போல்ட்டுக்காக இருக்கும் என்றார்.

“அப்ப எப்பத்தாங்ணா மாத்தணும்?” என்று கேட்டான் மைத்துனன்.

“இத்தனை கிலோமீட்டருக்கு ஒருக்கான்னு இதுக்குக் கணக்கே கிடையாதுங்க தம்பி. ஆயில் ஃபில்டர் மாதிரி இல்ல. நல்லா இருந்தா வண்டி ஆயுசுக்கும் வரும். பி 0325-ல இருந்து 0328 வரைக்கும் எந்தக் கோடு வந்தாலும் மொதல்ல வயர், கனெக்டர், போல்ட். மூணும் சரியா இருந்து, தட்டிப் பாத்தும் அசையலீன்னா மாத்திரணும். விரிசல் இருந்தா, கீழ விழுந்திருந்தா, யோசிக்காம மாத்திரணும். சில பெரிய வண்டியில இது மேனிஃபோல்டுக்கு அடியில, இன்ஜின் நடுவுல இருக்கும். வேற வேலைக்கு மேனிஃபோல்டைக் கழட்டுறப்ப வண்டி பழசா இருந்தா, அப்பவே புதுசு போட்டுடறது புத்திசாலித்தனம். கழட்டற கூலிதான் அதுல பெருசு.”

அந்த நேரத்தில் ஒரு பெரியவர் தன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார். சொல்லப்போனால் நாக் சென்சார் பற்றிய முழுப் பாடமும் அவருடைய வழக்கில்தான் இருந்தது. ஏற்றத்தில் மிதித்தால் இன்ஜின் கிண்கிண் என்று தட்டுகிறது, யாரோ நாக் சென்சாரை மாற்றச் சொன்னார்களாம். டேஷ்போர்டில் விளக்கு எதுவும் எரியவில்லை. மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார், கோளாறு எண்ணும் இல்லை. ஏறும்போது பொறி எவ்வளவு பின்னால் போகிறது என்று பார்க்க, பையனை ஒரு சுற்று ஓட்டிவரச் சொன்னார். வந்தவன், டைமிங் அடிக்கடி கீழே விழுந்துகொண்டே இருக்கிறது என்றான்.

“உங்க சென்சார் ராத்திரி பகலா வேலை செஞ்சுட்டு இருக்குதுங்கய்யா. கேட்டுக் கேட்டு டைமிங்கை எவ்வளவு முடியுமோ அவ்வளவு பின்னால தள்ளியாச்சு. அதுக்கும் மேல தட்டுது. அதை மாத்துனா மட்டும் தட்டல் நிக்குமுங்களா?”

அவர் சொன்னபடி பார்த்தால், தட்டல் காதுக்கே கேட்கும் வண்டியில் சென்சார்தான் கடைசியாகச் சந்தேகப்பட வேண்டியது. பெட்ரோல் ஆக்டேன் குறைவா என்று முதலில் பார்க்க வேண்டும். நம் பெட்ரோல் பங்க்குகளில் பிஎஸ் 6 விதி வந்தபோது சாதாரணப் பெட்ரோலுக்குக் குறைந்தபட்சம் 91, பிரீமியத்துக்கு 95 என்று வைத்தார்கள். எண் கூடக் கூடத் தானாகப் பற்றிக்கொள்ளாத பிடிவாதம் கூடும். வேகம் கூடும் என்று நினைப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 91-க்காக வடிவமைத்த ஆரோக்கியமான இன்ஜினுக்கு 95 ஊற்றிப் பெரிய லாபம் கிடையாது. 95 கேட்கும் டர்போ இன்ஜினுக்கு 91 ஊற்றினால் சென்சார் ஓயாமல் உழைக்கும். அடுத்து, பிஸ்டன் தலையில் படிந்த கரி. அது இடத்தை அடைத்துக் கம்ப்ரஷனைக் கூட்டும், சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு, கம்பெனி சொன்ன ரகம் அல்லாத பிளக், அடைபட்ட ரேடியேட்டர், அழுக்கு இன்ஜெக்டரால் பெட்ரோல் குறைந்துபோன கலவை. அதற்கும் அப்புறம், தளர்ந்து ஆடும் சைலன்சர் தகடோ, தேய்ந்த பேரிங்கோ தட்டல் மாதிரி சத்தம் போட்டு சென்சாரையே ஏமாற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். பெரியவரின் கூலன்ட் மூடியைத் திறந்தார்; தண்ணீர் செம்பழுப்பாக இருந்தது. “இங்கயிருந்து ஆரம்பிக்கலாமுங்க,” என்றார்.

விளக்கு எரிந்து, சத்தம் இல்லாமல் வண்டி மந்தமானால், கேட்கும் வழியில் கோளாறு. சத்தம் வந்து விளக்கு எரியவில்லை என்றால், கேட்கும் வழி நன்றாக இருக்கிறது, இன்ஜினில் கோளாறு. எங்கள் வண்டி முதல் ஜாதி, பெரியவருடையது இரண்டாவது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால்தான் நல்ல சென்சார் டால்டா டப்பாவுக்குப் போகிறது, இன்ஜின் தட்டிக்கொண்டே இருக்கிறது.

கோளாறு எண்ணை அழித்துவிட்டு வண்டியைக் கொடுத்தார். கோவை திரும்ப வேண்டியதுதான் முறை. ஆனால் மேடு ஏறிப் பார்க்காமல் எப்படி நம்புவது என்று மைத்துனன் பிடிவாதம் பிடித்தான். ஆழியாறு அணைக்கு எதிரே சுடச்சுட வறுத்துத் தரும் மீனும் அவன் கணக்கில் இருந்தது என்பது எனக்குத் தெரியும். மறுபடி சோதனைச் சாவடி, மறுபடி முதல் வளைவு. ஸ்கேனரைச் சொருகி, கைபேசியில் பற்றவைப்பு டைமிங்கை ஓடவிட்டு அவன் படித்துக்கொண்டே வந்தான். மிதித்ததும் எண் மெல்ல ஏறியது. ஏறிக்கொண்டே போய்த் திடீரென்று இரண்டு மூன்று டிகிரி கீழே குதித்தது. எங்களுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை, அதற்குக் கேட்டுவிட்டது. பிறகு அரை அரை டிகிரியாக மறுபடி ஏறத் தொடங்கியது, மறுபடி ஒரு குதி. அடுத்த வளைவு முழுக்க இதேதான். மேட்டில் ஒருவர் டெல்கோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதே வேலையை இந்த வண்டி ஓடிக்கொண்டே, ஒவ்வொரு பொறிக்கும் செய்துகொண்டிருந்தது. விளிம்பு எங்கே என்று தொட்டுப் பார்ப்பது, ஓரடி பின்வாங்குவது, திரும்பவும் போய்த் தொடுவது. தொட்டுப் பார்க்க முடிகிறவரைக்கும் இன்ஜின் துணிந்து இழுக்கிறது. ஒன்பதாவது வளைவுக்கு இரண்டாவது கியரில் மந்தமாக ஏறிய வண்டி, இப்போது பல இடங்களில் மூன்றாவதிலேயே ஏறிவிட்டது.

இறங்கி வந்து மீன் கடையில் உட்கார்ந்ததும் மெக்கானிக்கைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

“எப்படிங்க சார், இழுக்குதுங்களா?”

“நல்லா இழுக்குதுண்ணா.”

“அப்பறம் என்னங்க. புது சென்சாருக்கு எடுத்து வெச்ச காசுல இன்னும் ரெண்டு பிளேட் சொல்லுங்க.”

மைத்துனன் அதற்குள் சொல்லியிருந்தான்.